அக்கா ஊற்றிய மருந்து

காது டாக்டர் கருவியை வெளியே எடுத்துத் துடைத்தபடி சத்தமாகக் கேட்டார். "மருந்து ஒழுங்கா விடுறீங்களாம்மா?"

"தினமும் காலைல அக்கா விடுவாங்க டாக்டர்."

"அப்ப இந்நேரம் சீழ் நின்னிருக்கணுமே. நடுக்காதுல வருஷக்கணக்கா சீழ் பிடிச்சு வடிஞ்சா வெளிக்காதுக் குழாயையும் சும்மா விடாது. தோல் தடிச்சு, வழி சுருங்கிடும். உங்களுக்கு இப்ப ஒரு குச்சி நுழையக்கூட இடமில்ல."

வலக்காது அவளுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்தது இடக்காது, அதுவும் பாதி. அவள் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'அரைக்காது'. மேஸ்திரி திட்டினாலும் பாதிதான் வந்து சேரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அம்மா போனபின் வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தலையைச் சாய்த்துப் பிடித்து, மடலை வலிக்காமல் இழுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அந்தக் கையையா சந்தேகிப்பது?

ஆனால் வழியில் அதே மருந்தை வாங்கித் திறந்து பார்த்தபோது வாசனை சுள்ளென்று மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்து அக்காவின் புட்டியை முகர்ந்தாள். பூச்சாடியில் நாள்பட்டுக் கிடந்த தண்ணீரின் வாடை.

அக்காவிடம் கேட்கவில்லை. காலையில் அக்கா விட்டதைக் குளியலறையில் தலை சாய்த்து வடித்துவிட்டு, புது மருந்தைத் தையல் கூடத்தில் ஒளித்துவைத்துத் தானே விட்டுக்கொண்டாள். வாராவாரம் டாக்டர் சுத்தம் செய்தார். சீழ் வற்றியது. வீக்கம் மெல்ல வடிந்தது.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் படுத்திருந்தவளின் காதுக்குள் மின்விசிறியின் கிறீச்சு வந்தது, பின் குழாய் சொட்டுவது, பின் தெருவில் யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்துபோவது என்று ஒவ்வொன்றாக உள்ளே வர, கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டே கிடந்தாள். அந்த மகிழ்ச்சியில் சந்தேகமெல்லாம் மறந்துபோனது. அக்காவிடம் சொல்ல எழுந்தாள்.

சமையலறையில் பேச்சுக்குரல்.

"அவளுக்குக் கேக்காது. பயப்படாத." அக்காதான்.

பதில் வந்தது. ஈரமான, சின்னஞ்சிறு குரல். "இங்க இடம் பத்தல."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. அவ காதை ஈரமா, இருட்டா, உனக்குன்னே வளத்து வச்சிருக்கேன். அங்க போயிடு. என்னை விட்டுடு."

கதவோரம் நின்றாள். எத்தனை காலைகள். எத்தனை சொட்டுகள். ஒவ்வொன்றுக்கும் "எரியுதா கண்ணு?" என்று கேட்ட அதே வாய்.

எட்டிப் பார்த்தாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். வேறு யாரும் இல்லை.

"அக்கா..."

அக்கா திரும்பினாள். கண்களில் நீர்.

"கேட்டுடுச்சா?"

"கேட்டுடுச்சு" என்றது அந்தக் குரல். அக்காவின் உதடுகள் அசையவில்லை.

அக்காவின் கூந்தல் ஒதுங்கியிருந்தது. காதுத் துளையின் விளிம்பில், அரிசி மணியளவு நகங்களோடு இரண்டு விரல்கள். வெளியே வர, துளையை மெல்ல அகட்டிக்கொண்டிருந்தன.