பெயர் சொல்லாத பலகை

கதிரவன் மேலைக் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கிய சற்றைக்கெல்லாம், கீழ்க்கடலின் விளிம்பில் முழுமதி எழுந்து, கயலாற்றின் கழிமுகமெங்கும் வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கியது. எந்த அரசுக்கும் உட்படாத அந்தப் பாழ்நிலத்தில் இடிந்த கோட்டை ஒன்று நிலவில் குளித்து நின்ற அழகை வருணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால், ஆற்றின் நடுவே நங்கூரமிட்ட தோணியில் தனியே அமர்ந்திருந்த விடங்கனின் கண்ணில் அவ்வழகில் ஒரு துளியும் படவில்லை. தோணியின் கம்பத்தில் தொங்கிய விளக்கையே அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். 

அந்த விளக்கு அணைந்தால், இரு கரைத் தாழம்புதர்களிலும் பதுங்கியிருக்கும் வில்லாளிகள் அம்பு தொடுப்பார்கள். வருகிறவரின் உயிர் போகும். விளக்கை அணைக்க வேண்டியவன் விடங்கனே.

வாசகர்களே, இது என்ன கொடுமை என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பேராறு ஒன்று கடலில் கலக்கும் துறைமுகமான வலம்புரித்துறையின் நாற்றிசை வணிகர் குழுவுக்குத் தலைவர் ஏகவீரர். அவருடைய ஒரே மகன் நம் விடங்கன். அக்குழுவின் மரக்கலங்களைக் கொஞ்ச காலமாகக் கடற்புழு தின்றுவந்தது. வெளியே பார்த்தால் பலகை வழவழவென்றிருக்கும். உள்ளே தேனடையாகத் துளைத்துக் கிடக்கும். குழுவின் தச்சர்கள் எண்ணெய் பூசினார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். நமக்குத் தெரியாதது வேற்று நாட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று ஏகவீரருக்குத் தோன்றியது. ஆனால் வாய்விட்டுக் கேட்பது எப்படி? கலங்கள் உளுத்த சேதி பகைநாடான கருந்தீவுக்கு எட்டினால் வலம்புரித்துறை சாம்பலாகிவிடுமே!

ஆகவே, துளையுண்ட பலகைத் துண்டுகளில் குழுவின் முத்திரையைச் சீவியெடுத்து, தொலைதூரத் துறைமுக அங்காடிகளில் தொங்கவிட்டார்கள். "இந்நோய்க்கு மருந்து அறிந்தவர் எந்நாட்டவராயினும் முழுமதி நாளில் கயலாற்றுக் கழிமுகத்துக்கு வருக, கேட்பது யாரென்று கேளற்க!" என்று முரசறைந்தார்கள். சாம்பிராணிப் புகை போடச் சொன்னவர்களும், கடலுக்கே சாந்தி பூசை செய்யச் சொன்னவர்களும் வந்து போனார்கள். அவர்களில் எவரும் கேட்டது யாரென்று கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் உயிரோடு திரும்பக் கூடாது என்பது ஏகவீரரின் கட்டளை. அதை நிறைவேற்ற அவரே வில்லாளிகளோடு கரையில் காத்திருந்தார். 'இன்று வருகிறவரும் ஒன்றும் அறியாதவராக இருக்கட்டும்' என்று விடங்கன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான்.

சிறு படகு ஒன்று மணல்திட்டைச் சுற்றி வந்து, தோணியோடு உரசி நின்றது. முக்காடிட்ட உருவம் துடுப்பைக் கீழே வைத்தது.

"கேள்வி கேட்டவர் தாங்கள்தாமோ?"

பெண்குரல்! 

"கேட்டவரின் சார்பில் வந்தவன், அம்மணி. விடையை மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்." கட்டளையாகச் சொல்ல நினைத்தது கெஞ்சலாக வெளிவந்தது.

"கடற்புழுவுக்கு நன்னீர் நஞ்சு, ஐயா. சரக்கை இறக்கிவிட்டு, கடல்நீர் ஏறி ஓதம் பொங்கும் வேளையில் கலங்களை ஆற்றுக்குள் ஏற்றுங்கள். உப்பு எட்டாத இடத்தில் ஒரு திங்கள் நிற்கட்டும். ஒரு புழுவும் மிஞ்சாது. கீழைநாட்டுப் பேராறு ஒன்றில் மழைக்காலம் முழுதும் தங்கித் திரும்பிய எங்கள் கலங்கள் சிலவற்றில் மட்டும் புதுத் துளை இல்லை. அதைக்கொண்டு அறிந்தோம்."

விடங்கன் மகிழ்ச்சியில் எழுந்தே நின்றுவிட்டான். "அம்மணி, பரிசாக எது வேண்டுமோ கேளுங்கள்!"

"வலம்புரித்துறை ஆற்றில் எங்கள் கலங்களுக்கும் இடம் வேண்டும்."

விடங்கன் கம்பத்து விளக்கை நிமிர்ந்து பார்த்தான். "ஐயோ! அந்தப் பெயரை ஏன் சொன்னீர்கள்?"

அவள் முக்காட்டை விலக்கி, மடியிலிருந்து பலகைத் துண்டை எடுத்து நீட்டினாள். அதன் மூலையில் ஒரு சங்குச் சில்லு நிலவில் மினுங்கியது. கலம் கட்டத் தொடங்கும் நாளில் முதற்பலகையில் சங்குச் சில்லைப் பதிப்பது வலம்புரித்துறைத் தச்சரின் வழக்கம். அதைப் பெயர்த்தால் கலம் மூழ்கும் என்று அவர்களுக்கு அச்சம். முத்திரையைத் துணிந்து சீவியவர்கள் இதன்மேல் மெழுகைப் பூசி மறைத்ததோடு நின்றுவிட்டார்கள்!

"இதை அறிந்தவர் திரும்பிச் செல்ல முடியாது. கரையில்..."

"வில்லாளிகள் இருப்பதை அறிவேன். தாழம்புதரில் ஒரு பறவைகூட அடையவில்லையே."

"அறிந்துமா வந்தீர்கள்? அச்சமில்லையா?"

"என் கைகளைப் பாருங்கள்" என்றாள் அவள். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. "நான் நல்லினி. கருந்தீவின் கடற்படைத் தலைவர் மழவரையரின் மகள். எங்கள் போர்க்கலங்களும் உளுத்துவிட்டன, ஐயா. மருந்து தெரிந்து என்ன பயன்? கீழைநாடுவரை உளுத்த கலம் தாங்காது, மணல் தூர்ந்த இந்தக் கயலாற்றில் பெருங்கலம் நுழையாது, எங்கள் தீவிலோ ஆறே இல்லை."

விளக்கை ஊதினால் போதும். மருந்து கிடைத்துவிட்டது, பகைவனின் படையும் தானாக அழுகி மூழ்கும். அந்த நினைப்பு வந்ததற்காக விடங்கனுக்குத் தன்மீதே அருவருப்பு உண்டாயிற்று.

"விடையை ஏன் முதலிலேயே சொன்னீர்கள்? ஒளித்து வைத்திருந்தால் உங்கள் உயிருக்குக் காவலாக இருந்திருக்குமே!"

"பேரம் பேச வந்தவளைத் தாங்கள் நம்பமாட்டீர்கள்."

அவன் பதில் சொல்வதற்குள் கடற்காற்று சுழன்றடித்தது. விளக்கு அணைந்தது.

விடங்கன் பலகையைப் பிடுங்கிக்கொண்டு அவள் முன்னே பாய்ந்தான். முதல் அம்பு, உளுத்த பலகையைப் பொடியாக்கிக்கொண்டு அவன் தோளில் இறங்கியது.

"நிறுத்துங்கள்! நான் விடங்கன்! காற்றில் அணைந்தது!" என்று அவன் அலறினான்.

கரையிலிருந்து ஏகவீரரின் குரல் நடுங்கி வந்தது. "மகனே! கேட்டது யாரென்று அவள் அறிந்துவிட்டாளா?"

பொய் சொன்னால் அவள் பிழைப்பாள். ஆனால் கருந்தீவின் கலங்களுக்கு ஆறு கிடைக்காது. விடங்கன் சிதறிய பலகையிலிருந்து சங்குச் சில்லை எடுத்து உயர்த்திப் பிடித்தான்.

"அறிந்துவிட்டார், தந்தையே! விடை சொன்னவர் கருந்தீவின் நல்லினி என்று நானும் அறிந்தேன். அவர்களுடைய கலங்களும் உளுத்துவிட்டன. உப்பில்லாத ஆற்றுநீரே மருந்து; அறிவு அவர்களுடையது, ஆறு நம்முடையது. இந்தச் சங்கின்மேல் ஆணை! அவர்கள் கலங்கள் நம் ஆற்றில் நின்று நலம்பெற்றுத் திரும்பும்வரை நான் கருந்தீவில் பிணையாக இருப்பேன். இவர்மீது இனி ஓர் அம்பு பாய்ந்தாலும் தங்களுக்கு மகன் இல்லை!"

கரையில் தாழம்புதரை விலக்கிக்கொண்டு ஏகவீரர் நீர்விளிம்புக்கு வந்து நின்றார். பிறகு, "வில்லைத் தாழ்த்துங்கள்" என்று அந்தப் பெருவணிகர் சொன்னது காற்றில் மெல்லக் கேட்டது.

நல்லினி அம்பை உருவியெடுத்து, தன் முக்காட்டைக் கிழித்து அவன் தோளை இறுகக் கட்டி, தன் படகில் ஏற்றிக்கொண்டாள். மணல்திட்டைக் கடந்ததும் எதிரே கருங்கடல் விரிந்தது.

"பகைவர் தீவுக்கு வருகிறீர்கள். அச்சமில்லையா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என் கைகளைப் பாருங்கள்" என்றான் விடங்கன்.