ஸ்கோரா பாறையின் வெள்ளி

படகில் ஏறும்போது பேராசிரியர் திருமூர்த்தி அவளுக்குக் கை கொடுத்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளைச் சாக விட்டுவிட்டுப் போன மனிதர்.

"பார்த்து வாங்கம்மா. பலகை வழுக்கும்" என்றார். பெயர் கேட்டார். திருமதி தேவசகாயம், தூத்துக்குடி என்று சொன்னாள். தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. வரும் வழியெல்லாம் அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தவளுக்கு இப்போது வேறு மாதிரி எரிந்தது. அழித்துப் போட்டவளின் முகத்தைக் கூடவா ஒருவன் மறந்துபோவான்?

அவள் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அன்று இருபத்து நான்கு வயது ஆராய்ச்சி மாணவி, இடுப்பு வரை பின்னல், எல்லோருக்கும் 'மங்கை'. இன்று கழுத்தோடு வெட்டிய முடி, கண்ணாடி, எல்லோருக்கும் 'அரசி'.

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, மரமே முளைக்காத ஒரு தீவுக்கூட்டத்தின் ஓரத்தில் ஸ்கோரா என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. தண்ணீர் வடியும்போது பெரிய தீவிலிருந்து கற்பாதை வழியாக நடந்தே போகலாம். ஏறிவிட்டால் திட்டு தனித்துவிடும். அதன்மேல் இரண்டாயிரம் வருடத்துக் கல்கோபுரம் பாதி இடிந்து நிற்கிறது. அங்கேதான் ஓர் அக்டோபர் மாதம் மங்கை ஒரு பலகைக்கல்லைப் புரட்டி, வைக்கிங் கடற்கொள்ளையர் ஒளித்துவைத்த பதினோரு வெள்ளி வளையங்களைக் கண்டெடுத்தாள். தன் நோட்டில் நேரம், இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதினாள். வழக்கப்படி பேராசிரியர் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு, நீ இங்கேயே இருந்து படம் வரை, நான் இவற்றைப் படகில் வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். வரவேயில்லை.

மூடுபனிக்குள் பதினான்கு மணி நேரம் கிடந்தாள். நினைவில்லாமல் கிடந்தவளை ஒரு மீன்பிடிப் படகு தூக்கிவந்தது. இடது காலில் இரண்டு விரல்களை வெட்டியெடுத்தார்கள். மருத்துவமனையில் கண் விழித்தபோது தொலைக்காட்சியில் வளையங்களோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தான் கண்டெடுத்ததாகச் சொன்னார். மாணவி சொல்லை மீறித் தனியாகப் போய்விட்டாள் என்றார். போதாததற்கு, ஒரு தங்க ஊசியையும் காணவில்லை, அவள்மேல்தான் சந்தேகம் என்றார். பல்கலைக்கழகம் அவளை வெளியேற்றியது.

அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோபுரத்துக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர்கள். குளிர் தாங்காமல் இரண்டுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தபோது, ஒரு மாடக்குழிக்குள் திமிங்கில எலும்பால் செய்த பெட்டி ஒன்று அவள் கையில் தட்டுப்பட்டது. அதன் பக்கத்திலேயே நோட்டைச் செருகி, கல் வைத்து அடைத்தாள். வெளியே தவழ்ந்து வந்ததும் நினைவு தப்பிவிட்டது. நோட்டு எங்கே என்று விசாரணையில் கேட்டார்கள். சொன்னால் அவர்தான் முதலில் போய் எடுப்பார் என்று வாயைத் திறக்கவில்லை. திட்டின் சொந்தக்காரர் பேராசிரியரைத் தவிர யாரையும் அங்கே இறங்க விடுவதில்லை. அவர் வருடத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பயணிகளைச் சிறு குழுவாக அழைத்துவருவதாக விளம்பரம் பார்த்த அன்றே பதிவு செய்துவிட்டாள்.

ஆறு பேர் வரவேண்டிய குழுவில் வந்தது மூன்று பேர்தான். மற்ற இருவரில் ஒருவர் கோகிலம், பொள்ளாச்சிக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். இன்னொருவர் ஹனீபா, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். படகோட்டி இங்கா அந்தத் தீவுக்காரப் பெண், அதிகம் பேசமாட்டாள்.

இரண்டு நாள் அவர்கள், பழங்காலத்தில் நட்டு நிறுத்திய நெடுங்கற்களையும், ஐயாயிரம் வருடத்துக் கல்வீடுகளையும் பார்த்தார்கள். பேராசிரியர் அருமையாகப் பேசினார். அதுவும் அரசிக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ஸ்கோரா கண்ணில் பட்டதும், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள், இந்த மாதிரிக் கோபுரங்களில் சுவருக்குள் மாடக்குழி இருக்குமாமே, இங்கே யாராவது தேடியிருக்கிறார்களா என்று. அவர் கையிலிருந்த காப்பி தளும்பியது.

அவள் போட்ட கணக்கு பிசகவில்லை. பெரிய தீவில் இறங்கியதும், நீங்கள் இங்காவோடு போய் கடல்நாய்க் கூட்டத்தைப் பாருங்கள், எனக்குச் சில அளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, கற்பாதையில் தனியாக நடந்தார். வடிந்த தண்ணீர் இனி ஏறத் தொடங்கும். ஆசை பிடித்தவர் நேரம் பார்க்கமாட்டார். பாதை மூழ்கும். ஆறு மணி நேரம் அந்தப் பாறையில் தனியாகக் கிடக்கட்டும். நோட்டு அவர் கையில் கிடைத்தாலும் எங்கும் கொண்டுபோக முடியாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குள் இங்காவிடம் உண்மையைச் சொல்லி, எல்லோரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு படகில் போய் நோட்டை எடுக்கலாம் என்று இருந்தாள்.

ஒரு மணிக்குக் காற்று திரும்பியது. ஹனீபா திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் இன்னும் வரவில்லையே என்றார். அரசி பூட்ஸ் நாடாவை இறுக்கினாள். அவர் மறுபடி கேட்டபோது, அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டினாள். கோகிலம் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

அவர் இன்னும் திட்டில்தான் இருக்கிறார் என்று இங்காவிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. இன்று பௌர்ணமித் தண்ணீர், மேற்கே இருந்து காற்று வேறு, கோபுரத்தின் அடித்தளம் வரை கடல் ஏறிவிடும் என்றாள். அப்போதுதான் திட்டிலிருந்து பேராசிரியரின் விசில் சத்தம் வந்தது. விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல்.

"போலாமுங்களா அம்மிணி?" என்று கோகிலம் கேட்டார். "உங்க முடிவுதான். ஆனா இப்பவே சொல்லோணும்."

அரசி கடலைப் பார்த்தாள். அந்த விசில் நின்றுவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? திருடி என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

"கயித்தை எடுங்க" என்றாள்.

பாதையில் ஏற்கெனவே முழங்கால் தண்ணீர். இங்கா படகைத் திட்டின் மறுபக்கம் கொண்டுவரப் போனாள்; அது சுற்றிவர நேரமாகும். மூவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாசி பிடித்த கற்களில் தடுமாறித் தடுமாறிக் கடந்தார்கள். ஒரு அலை ஹனீபாவை வாரியது. பெண்கள் இருவரும் கயிற்றை இழுத்து நிறுத்தினார்கள்.

கோபுரத்துக்குள் உள்சுவரின் ஒரு பகுதி சரிந்திருந்தது. பேராசிரியர் கல்லை நெம்பியிருக்கிறார். மேலிருந்த பலகைக்கல் இறங்கி அவர் காலை அழுத்திப் பிடித்திருந்தது. அலைகள் கொட்டிய தண்ணீர் உள்ளே தேங்கி, உட்கார்ந்தபடி மாட்டிக்கொண்டவரின் இடுப்பைத் தொட்டது. கையில் அவளுடைய நோட்டு. அந்த நிலையிலும் அவர் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

அரசி நோட்டைப் பிடுங்கினாள்.

"என்னைத் தெரியுதா, சார்?"

அவர் விழித்தார். கண்ணாடியைக் கழற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் வெளுத்தது.

"மங்கை" என்றார். "முதல்ல என்னை வெளியே எடும்மா. அப்புறம் பேசலாம்."

"இல்லை. இப்பவே பேசலாம். தண்ணி எனக்கு முழங்கால் வரைக்கும்தான். எனக்கு அவசரம் இல்லை."

ஒரு அலை வாசல் வழியாக வந்து அவர் நெஞ்சில் மோதியது. காப்பாத்துங்க, காப்பாத்துங்க என்று அவர் மற்ற இருவரையும் பார்த்தார். ஹனீபா, கடல் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு தடித்த மரக்கட்டையைக் கல்லுக்கு அடியில் பொருத்திக்கொண்டிருந்தார். அரசியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார்.

"வளையங்களைக் கண்டெடுத்தது யார்?"

"நீதான்."

"பெயர் சொல்லுங்க."

"மங்கையர்க்கரசி."

"தங்க ஊசி?"

"அப்படி ஒண்ணு இருக்கவே இல்லை. உன்னை யாரும் நம்பக் கூடாதுன்னு சொன்னேன்."

"நான் இங்கே இருந்தது தெரிஞ்சுதானே போனீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்."

பன்னிரண்டு வருடங்களாக அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டதும் அவரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்ற வெறிதான் வந்தது.

"கால் நீலம் பாரிச்சிருச்சு" என்று கோகிலம் மெதுவாகச் சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டோம். போதுமுங்க."

அரசி மரக்கட்டையின் முனையைப் பிடித்தாள். ஹனீபா துறைமுகக் குரலில் ஒன்று, இரண்டு என்று சொல்ல, இருவரும் அதில் தொங்கினார்கள். கல் ஒரு சாண் எழும்பியது. கோகிலம் அவர் காலை இழுத்தெடுத்தார். அரசி அவர் சட்டைப்பையிலிருந்து ஈரமான பக்கத்தை உருவினாள். மை கலைந்திருந்தாலும் கையெழுத்து தெரிந்தது.

சுவர் திறந்துகிடந்தது. அடுத்த அலைக்கு மாடக்குழி தாங்காது. பெட்டி இருந்தது இருந்தபடியே ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, அரசி உள்ளே கையை விட்டு அந்த எலும்புப் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினாள். பேராசிரியரை ஹனீபா முதுகில் சுமந்தார். மறுபக்கம் இங்கா வீசிய கயிற்றைப் பிடித்து, கழுத்தளவு தண்ணீரில் ஒவ்வொருவராகப் படகேறினார்கள்.

மேல்தளத்தில், எல்லோர் கண்முன்னாலும் அரசி பெட்டியைத் திறந்தாள். முறுக்கிய வெள்ளிக் கழுத்தணிகள், அவற்றுக்கு அடியில் தேய்ந்த காசுகள். ஒன்றை ஹனீபா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய அரபி எழுத்து. தட்டுத் தடுமாறி ஒரு சொல்லைப் படித்தார். பாக்தாத்தின் பழைய பெயர். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று அவர் கண்கள் கலங்கின.

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பேராசிரியர், நன்றி என்று முணுமுணுத்தார். மன்னித்துவிட்டாயா என்றும் கேட்டார்.

"மன்னிக்கலை" என்றாள் அரசி. "நீங்க செத்திருந்தா ஊர் உங்களுக்கு மாலை போட்டிருக்கும். உயிரோட இருந்து, உங்களைப் பத்திப் பேப்பர்ல வரப்போறது எல்லாத்தையும் படிங்க. அதுக்குத்தான் தூக்கினேன்."

மூன்று மாதத்தில் அவர் படித்தார். கோகிலமும் ஹனீபாவும் விசாரணைக்கு வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள். நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தில் இருந்தது அவர் கையெழுத்தேதான் என்று நிரூபணமானது. பல்கலைக்கழகம் அவர் பட்டங்களைப் பறித்தது. அரசியிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அருங்காட்சியகத்தில் வளையங்களும் பெட்டியும் ஒரே கண்ணாடிக்குள் வந்தன. மேலே அவள் பெயர் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல்.

கோபம் தீர்ந்ததா என்று கோகிலம் தொலைபேசியில் கேட்டார். முழுதாகத் தீரவில்லை என்று அரசி உண்மையைச் சொன்னாள். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது என்றாள். அந்தப் பாறைக்கு அவளைக் கூட்டிப்போனது கோபம்தான். தனியாகப் போயிருந்தால் அவள் ஒரு பிணத்தோடு திரும்பியிருப்பாள். கயிற்றின் மறுமுனையில் ஆட்கள் இருந்ததால்தான் தன் பெயரோடு திரும்பினாள்.