கோள் சொல்லும் பெட்டி

கண்ணாடிக்காரர் செத்துப் பதினோரு நாள் கழித்து அவர் மகள் மலை மேல் வந்தாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூட்டம் வேலி வரைக்கும் ஏறியிருந்தது. என் அறையில் ஈரமும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை.

நான் அங்கே செல்போன் கோபுரத்துக்குக் காவல்காரன். தடிக் கண்ணாடி போட்டிருந்ததால் நான் கண்ணாடிக்காரர் என்று கூப்பிட்டவரும் அவர் கூட்டாளிகளும் ஆசைக்கு ரேடியோ பேசுகிறவர்கள். என் அறையில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். மலையில் சுற்றுகிறவர் கையில் இருக்கிற ரேடியோ செட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சன்னமாகச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டு, கிர்ர் என்று சத்தம் போட்டு, கீழே ஊருக்கு எட்டுகிற மாதிரி திருப்பிச் சொல்லும். அங்கே அவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும்.

“கோள் மூட்டுற பெட்டின்னு சொல்லுங்க” என்றேன், வைக்க வந்த அன்றைக்கே. கண்ணாடிக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மகள் தன் கம்ப்யூட்டரைப் பெட்டியில் சொருகிவிட்டுக் கேட்டாள்.

“அப்பா விழுந்த அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல பெட்டி ஓடிச்சா, பெரியவரே?”

“ஓடிச்சும்மா. அது பாட்டுக்குக் கத்திட்டுத்தான் கிடந்துச்சு.”

போலீசிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன்.

“புள்ளி மத்தியானத்தோட நின்னு போச்சு. அப்பா சார்ஜ் போடாமப் போயிட்டார்னு எல்லாரும் அவரையே திட்டுறாங்க. வீட்டுப் பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன்.” மூக்கை உறிஞ்சினாள். “கால் ஒடிஞ்சு ஓடைப் பள்ளத்துல விடிய விடியக் கிடந்திருக்கார். புள்ளி மட்டும் விழுந்திருந்தா ஒரு மணி நேரத்துல தூக்கியிருப்போம்.”

நான் அடுப்புத் திரியைத் தூண்டினேன்.

கிர்ர்.

திரையில் ஒரு புள்ளி. அவள் கை அப்படியே நின்றது.

“பக்கத்துல இருக்கிறது அப்பாவோட குறியெழுத்து, அவர் செட்டோட பேரு” என்றாள். “அவர் செட்டு எங்க வீட்டு அலமாரியில இருக்கு. பேட்டரியை நான்தான் கழட்டி வெச்சேன்.”

புள்ளி ஓடைப் பள்ளத்தில் இருந்தது.

ரெண்டு நிமிஷம். கிர்ர். ஒற்றையடிப் பாதை.

கிர்ர். தண்ணீர்த் தொட்டி.

கிர்ர். வேலி.

வெளியே சரளைக்கல் நொறுங்கியது. ஒரு கால் வைக்கிற சத்தம். ஒரு கால் இழுபடுகிற சத்தம்.

“தாழ் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

சத்தம் வாசப்படிக்கு வந்து நின்றது. கதவிடுக்கில் ஓடைச் சேற்று வாடை.

“நான்தான் ஒயரைப் பிடுங்கினேன்” என்றேன். “மத்தியானம் குடிக்கக் கீழே இறங்கினேன். காவலை விட்டுப் போறதைப் பெட்டி காட்டிக் கொடுத்துடும்னு நினைச்சேன். மறுநாள் காலையிலதான் சொருகினேன். அப்போ சத்தமே வரலை, அதுக்குள்ள அவர் செட்டுல பேட்டரி தீர்ந்திருக்கும்.”

அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

“செட்டு வெச்சிருக்கிறவங்களை மட்டும்தான் அது சொல்லும்” என்றாள். அவ்வளவுதான். காறித் துப்பியிருந்தால் தேவலை.

படிக்கு அந்தக் கால் வராமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நியாயத்துக்குச் சொன்னதல்ல, பயத்துக்குச் சொன்னது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளே போய்க் கதவைத் திறந்தாள். மூட்டம்தான் இருந்தது.

“கேட்டுட்டேன்ப்பா. ஊருக்கெல்லாம் சொல்லிடறேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். என் காவலில் வைக்க இஷ்டமில்லை என்றாள். எப்படி இருக்கும்?

சொன்ன மாதிரியே சொல்லிவிட்டாள். இப்போது யாரும் அவரைத் திட்டுவதில்லை. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் இரு என்று என்னை விட்டுவைத்திருக்கிறார்கள்.

அவர் அவளோடு போயிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

பெட்டி இருந்த பலகை காலி. ஒயர்கூட இல்லை, சுவரில் ஆணி அடித்த ஓட்டைதான் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து அங்கிருந்து அந்தச் சத்தம் பதினாலு தடவை கேட்டுவிட்டது.

கிர்ர்.

பதினைந்து.