மொஹிதிலின் நாடிக்கட்டு

பகல் சாப்பாடு முடிந்து, முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழே எர்காஷ் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ரானோவின் கார் வாசல் கதவை இடித்துக்கொண்டு வந்து நின்றது. ரானோவுக்கு வாடகைக் கார் ஓட்டுவது பிழைப்பு. பக்கத்து வீட்டு எர்காஷின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது உயிர். அவர் அரசாங்கப் புலனாய்விலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தாஷ்கந்து நகரம் தன் சிக்கல்களை அவர் வாசலில்தான் கொண்டு வந்து கொட்டியது. பாதியைக் கொண்டு வந்தது ரானோவின் கார்.

"அண்ணே, எந்திரிங்க. ஒரு பொம்பளய பல்வலிக்காரின்னு நெனச்சு ஏத்திட்டேன். கண்ணாடியில பாத்தா கழுத்தெல்லாம் ரத்தம்."

பின்சீட்டில் கிடந்தவளின் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை ஒரு வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு உச்சியில் இருந்தது. பின்மண்டை பிளந்து, முடியெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக் கிடந்தது. கழுத்தைச் சுற்றிக் கன்றிப்போன ஒரு தடம். ஒரு கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவந்திருந்தது. எர்காஷின் மனைவி சலோமத் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவள் முகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான் ரானோவுக்கு ஆள் தெரிந்தது.

மொஹிதில். அவளைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. மாபெரும் பாடகர் யாத்கார் ஹாஃபிஸின் மகள். பத்து வயதில் மேடை ஏறியவள். எத்தனையோ படங்களில் அழுதும் அழவைத்தும் பேர் வாங்கியவள். அவள் வந்து பாடாத கல்யாணத்தை ஊர் ஒரு கல்யாணமாகவே மதிக்காது. இருந்தும் அவள் பாடி முடித்ததும் கிழவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "நல்லாத்தான் பாடுது. ஆனா அப்பன் கடைசிக் காலத்துல பாடினான் பாரு, அந்தக் கொரல் வருமா?"

"ஆஸ்பத்திரி வேணாம்," என்றாள் மொஹிதில். குரல் இல்லை, காற்றுதான் பேசியது. "அங்க வந்து மிச்சத்தையும் முடிச்சிருவாங்க."

சலோமத் தனக்குத் தெரிந்த தொண்டை மருத்துவரை வீட்டுக்கே வரவழைத்தாள். அவர் நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு எர்காஷை ஓரமாக அழைத்தார். "உயிருக்கு ஒண்ணுமில்ல. குரல்வளை நொறுங்கியிருக்கு. இனிமே பாடுவாங்களான்னு என்னைக் கேக்காதீங்க."

ரானோவின் காதிலும் அது விழுந்தது. கை கால் போனால்கூட ஒரு பாடகி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தாள். இது என்ன அநியாயம்.

மொஹிதில் துண்டு துண்டாகச் சொன்னாள். பாட்டு அறையில் தனியாக இருந்திருக்கிறாள். பின்னாலிருந்து மண்டையில் ஓர் அடி. விழுந்தவளின் முதுகில் முழங்காலை ஊன்றி, அவளுடைய பட்டுத் தலைத்துண்டாலேயே யாரோ கழுத்தை இறுக்கியிருக்கிறான். முகம் பார்க்கவில்லை. விழித்தபோது அறையில் யாருமில்லை. பின்சந்து வழியாக ஓடி, முதலில் கண்ணில் பட்ட காரை நிறுத்தியிருக்கிறாள்.

"யாருக்கு உங்க மேல இவ்வளவு ஆத்திரம்?" என்றார் எர்காஷ்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பாவோட கடைசிப் பாட்டுங்க இருக்கே, அதெல்லாம் அவர் பாடினது இல்ல. நோவு வந்து அவருக்குத் தொண்டை போயிருச்சு. வீட்டுக்குள்ள கதவைப் பூட்டிக்கிட்டு, அடித்தொண்டையில நான் பாடினேன். சித்தப்பாதான் பதிவு பண்ணினாரு. அப்புறம் மேடையில நான் மேல்கொரல்லதான் பாடணும், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

ரானோ வாயைப் பிளந்தாள். அப்படியென்றால் இத்தனை வருடமும் இந்தப் பெண் தன் குரலிடமே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா நினைவு நாள் கச்சேரியில இதைச் சொல்லிட்டு, அந்தக் கொரல்லயே பாடப்போறேன்னு வீட்ல சொன்னேன். மூணு பேரும் குதிச்சாங்க. புருஷன், தம்பி, சித்தப்பா."

குதிக்கக் காரணம் மூவருக்கும் இருந்தது. கணவன் ஷுஹ்ரத் அந்தப் பாட்டுகளை வைத்து மாமனாரைப் பற்றிப் பாதிப் படம் எடுத்து முடித்திருந்தான். தம்பி ஒய்பெக் அந்தப் பாட்டுகளை அப்பாவைப் போலவே பாடுவதாகச் சொல்லித்தான் கச்சேரி பிடித்துக்கொண்டிருந்தான். சித்தப்பா நார்மத், அண்ணன் பேரில் நடக்கும் இசை அரங்கத்துக்குத் தலைவர். அந்தப் பேர்தான் அவருக்குச் சோறு, தண்ணீர், தொழுகை எல்லாம்.

எர்காஷ் அந்த வெள்ளைத் துணியை மடியில் வைத்து விரலால் நீவிக்கொண்டிருந்தார். உணவு விரிப்பிலிருந்து கிழித்த துண்டு.

"இதை யாரு கட்டினது?"

"தெரியல. முழிச்சப்பவே இருந்துச்சு."

மொஹிதிலை சலோமத்தின் காவலில் விட்டுவிட்டு இருவரும் அவள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு சாவு வீடு. வாசலில் ஆண்கள் மேலங்கியை இடுப்பில் துண்டால் கட்டி, தொப்பி வைத்து, வயிற்றின் மேல் கை கோத்து வரிசையாக நின்றார்கள். ரானோ காரை மெதுவாக்கினாள். இருவரும் செத்தவருக்காக வேண்டிக்கொண்டு முகத்தைக் கைகளால் தடவிக்கொண்டார்கள்.

பாட்டு அறை கசாப்புக் கடையாகக் கிடந்தது. தரை விரிப்பில் ரத்தம் குளம் கட்டியிருந்தது. மண்டையை உடைத்த பித்தளைக் கூஜா முடியோடு உருண்டு கிடந்தது. அலமாரிகளை இழுத்துக் கவிழ்த்து, கிண்ணங்களை நொறுக்கி, திருடன் வந்த மாதிரி செய்திருந்தார்கள். ஆனால் மேஜையோடு விழுந்திருக்க வேண்டிய ரொட்டி, முகம் மேலே பார்க்க ஜன்னல் மேடையில் பத்திரமாக இருந்தது. சுவர்க் கண்ணாடியின் மேல் ஒரு போர்வை தொங்கியது.

"ரொட்டிய மிதிக்க மனசு வரல பாருங்க, மகராசனுக்கு," என்றாள் ரானோ.

"அது நம்ம ஊர்ல எவனும் செய்வான். கண்ணாடிய மூடினது யாரு? இவ நாடியக் கட்டினது யாரு? திருடனுக்கு அந்த வேலை எதுக்கு?"

ரானோ தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். "செத்தவங்களுக்குத்தானே நாடி கட்டுவோம். வாய் தொறந்து கெடக்கக் கூடாதுன்னு. கண்ணாடிய மூடறதும் சாவு வீட்லதான்."

"ஆமா. கொன்னவன் ஒறவுக்காரன். இவ செத்துட்டான்னு நெனச்ச அடுத்த நிமிஷம் கொலைகாரன் போயி, வீட்டு மனுஷன் வந்துட்டான். அவன் கணக்குல இவ இன்னமும் பொணம். நாம அதை அப்படியே வச்சுக்குவோம்."

எர்காஷ் மூன்று பேருக்கும் போன் போட்டார். மூவரிடமும் ஒரே பேச்சு: மொஹிதில் வீட்டில் திருடன் புகுந்து சாமானை உடைத்திருக்கிறான். மொஹிதில் வீட்டில் இல்லை, சார்வாக் ஏரிப் பக்கம் படப்பிடிப்பில் சௌக்கியமாக இருக்கிறாள். சாமான் எல்லாம் இருக்கிறதா என்று வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தால் போதும். பிறகு அவர் பாட்டு அறைக் கதவைப் பூட்டினார். சலோமத் மொஹிதிலைப் பின்சந்து வழியாகக் கூட்டி வந்து உள்ளறையில் உட்காரவைத்தாள்.

முதலில் ஷுஹ்ரத் வந்தான், வரும்போதே கத்திக்கொண்டு. "படப்பிடிப்பா? எனக்குத் தெரியாம எந்தப் படப்பிடிப்பு? எவன் கூடப் போனா? நான் இங்க கேமராவக் கட்டிக்கிட்டு அழுறேன், அவ அங்க ஏரி பாக்குறாளா?"

இவன்தான் என்று ரானோ முடிவு கட்டினாள். அவள் எர்காஷின் முழங்கையை இடித்தாள். அவர் அசையவில்லை.

அடுத்து ஒய்பெக் வந்தான். பட்டப்பகலில் ஓட்கா வாடை. வலது கையில் புதுக் கீறல்கள், ரத்தம் காயக்கூட இல்லை. "அப்பாவோட துதார் இருக்கா? அதை எடுத்துட்டுப் போயிட்டானா?" இரண்டு நரம்பு வாத்தியம் அது, பாட்டு அறையில் மாட்டியிருக்கும். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரானோ உடனே கட்சி மாறினாள்.

"கையில என்ன தம்பி?" என்றார் எர்காஷ்.

"பூனை. அதுக்குக்கூட என்னப் பிடிக்கல."

நார்மத் கடைசியில் வந்தார். வேகிற வெயிலில் பஞ்சு வைத்துத் தைத்த கருநீல மேலங்கி, இடுப்பைச் சுற்றி இறுக்கிய துண்டு, தலையில் தொப்பி. வயதானவர், குளிர் ஜுரமோ என்னவோ என்று ரானோ நினைத்தாள். அவர் உள்ளே வரவில்லை. வாசல் கதவின் ஓரமாகக் கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து நின்றுகொண்டார். என்ன திருடுபோனது என்று கேட்கவில்லை. எர்காஷ் போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது.

மூவரும் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். எர்காஷ் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"இந்த வீட்டுக்குத் திருடன் வரல. உங்கள்ல ஒருத்தர் வந்து, கூஜாவால மொஹிதில் மண்டைய ஒடச்சு, கழுத்த நெரிச்சிருக்கார்."

ஷுஹ்ரத் கையிலிருந்த கிண்ணம் விழுந்து சிதறியது. "ஏரியில இருக்கான்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நீங்க அதை நம்பினீங்க, அதான் பொறாமையில குதிச்சீங்க. அவ செத்துட்டான்னு தெரிஞ்சவன், எவன் கூடப் போனான்னு கேக்க மாட்டான். தம்பி துதாரத் தேடினான். பாட்டு அறையில இருந்துட்டு வந்தவனுக்கு அது சுவத்துல பத்திரமா மாட்டியிருக்கறது தெரிஞ்சிருக்கும்."

அவர் நார்மத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நம்ம ஊர்ல சாவ யாரும் போன்ல சொல்றதில்ல. லேசா ஒடம்பு சரியில்ல, வாங்கன்னுதான் சொல்லுவோம். நான் திருடன்னு சொன்னதும் உங்க காதுல சாவுன்னு விழுந்திருக்கு. ஏன்னா சாவு நடந்ததா உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அவ சௌக்கியம்னு நான் சொன்ன பிறகும், துக்கத்துக்குக் கட்டுற துண்டக் கட்டிக்கிட்டு வந்து, சாவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நின்னீங்க. யாருக்காக அண்ணே இந்தத் துண்டு?"

நார்மத் இடுப்பைக் குனிந்து பார்த்தார். அந்தத் துண்டை அப்போதுதான் பார்ப்பவர் போல இருந்தார். ஒரு முடிச்சைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

"கெழவன் கனவு கண்டு கட்டினேன்னு வச்சுக்குங்க," என்றார். "துண்டு கட்டினதுக்கெல்லாமா ஜெயில்ல போடுவாங்க?"

உள்ளறைக் கதவு திறந்தது. சலோமத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு மொஹிதில் வந்து நின்றாள். தலையில் கட்டு, கழுத்தில் கட்டு, ஒரு கண் ரத்தமாகச் சிவந்து.

நார்மத் கட்டிலிலிருந்து இறங்கி அவளை நோக்கி ஓரடி வைத்தார். "மூச்சு இல்லையேம்மா," என்றார். "மூக்குல கை வச்சுப் பாத்துட்டுத்தானே கட்டினேன்."

அதைக் கேட்ட ஒய்பெக் கட்டிலிலிருந்து பாய்ந்தான். முதல் குத்திலேயே கிழவரின் மூக்கு நொறுங்கியது. இரண்டாவதில் பல் தெறித்துத் தேநீர்த் தட்டில் விழுந்தது. தலைமுடியைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் மோதினான், மறுபடியும் மோதினான். "எங்க அக்காவ, எங்க அக்காவ" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. ரானோ அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது, விடவில்லை. எர்காஷும் ஷுஹ்ரத்தும் சேர்ந்துதான் அவனைப் பிரிக்க முடிந்தது. ரானோ ரத்தத்தைத் துப்பினாள். பூனையை நம்பாமல் போனதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நார்மத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் சிவப்பு. அடி வாங்கிய வலி அவர் முகத்தில் தெரியவில்லை.

"உன் மேல எனக்கு என்னம்மா கோவம்," என்றார். "தூக்கி வளத்தவன் நான். அண்ணன் செத்தும் அந்தக் கொரல் சாகல, அதை நம்பித்தான் நான் உசிரோட இருந்தேன். நீ மேடையில நின்னு அது பொய்யின்னு சொன்னா, அவன் ரெண்டாவது தடவ செத்துப்போவான். அதை எப்படி விடுவேன்? அந்தக் கொரலக் காப்பாத்தணும்னுதான்."

மொஹிதில் மெல்ல அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று ரானோ எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"எந்தக் கொரல சித்தப்பா?" என்றது அந்தக் காற்று. "கேக்குறீங்களா? அடித்தொண்டையில, உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே பாடுறேன்."

அவள் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. கட்டுத் துணியில் ரத்தம் கசிந்தது. நார்மத் பழைய பழக்கத்தில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முதல் ஸ்வரத்துக்காகக் காதைக் கொடுத்தார்.

வெறும் காற்று வந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒரு வரி பாட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் அந்தக் காற்றை அவர் முகத்துக்கு நேரே விட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தார். போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை அவர் கைகளை எடுக்கவில்லை.