பென்சில் திருத்தங்கள்

லூயிசா விபேர் தன் நாட்குறிப்பில் ஒரு பிழை விட்டிருந்தாள். அதை யாரோ திருத்தியிருந்தார்கள்.

ஜெர்மானியர் ஜெர்சித் தீவைப் பிடித்தபின் வந்த மூன்றாவது டிசம்பர் அது. உப்புக்காகக் காய்ச்சும் கடல்நீரின் நெடி, ஊரடங்கு, கடற்கரையில் சுவர் கட்டும் கைதிகளின் இருமல் என்று எல்லாவற்றையும் அவள் அன்றாடம் எழுதி, துணி அலமாரிக்குப் பின்னால் பலகை இடுக்கில் ஒளித்து வைத்தாள். பிடிபட்டால் சிறை. நேற்றைய வரியில் விடுபட்ட ஓர் எழுத்து இப்போது மெல்லிய பென்சிலில் சேர்ந்திருந்தது.

"ஃப்ளோரி, என் நோட்டைத் தொட்டியா?"

"அந்தச் சனியனை அடுப்புல போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது அண்ணி? கண்ணாடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு. எனக்குச் சட்டியும் பானையும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள் நாத்தனார்.

மிச்சம் இருப்பது மாடியறையில் தங்க வைக்கப்பட்ட ஜெர்மன் சிப்பாய் டீட்ஸ். போருக்கு முன் பள்ளி ஆசிரியர். அவர்களுக்குத் தொந்தரவாகும் என்று பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். அவர் நடமாட்டம் ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். நவம்பரிலும் திருத்தம். அக்டோபரிலும்.

பிறகு, பிழையே இல்லாத ஒரு வரி: 'எட்னா வீட்டில் இப்போது மூன்று தட்டு.'

'மூன்று' என்ற சொல்லுக்கு அடியில் கோடு.

பக்கத்துப் பண்ணையில் எட்னாவும் அவள் கணவனும் மட்டும்தான். மூன்றாவது தட்டு, வைக்கோல் பரணில் அவர்கள் ஒளித்து வைத்திருந்த ரஷ்யக் கைதிக்கு.

ஓடினாள். நடுப்பகல்தான், ஆனால் மூடுபனியில் வேலி தெரியவில்லை. நாய் குரைக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

மேசையில் டர்னிப் சூப். ஆவி அடங்கவில்லை. கவிழ்ந்த நாற்காலி. எட்னாவின் ஒற்றைச் செருப்பு.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டீட்ஸ் எழுந்து நின்றார்.

"பயப்படாதீங்கம்மா. உங்க பேர் எங்கயும் வராது. ஆனா எழுதறத மட்டும் விட்டுடாதீங்க."

மூன்று தட்டுகளுக்கு நடுவே ஒரு புது நோட்டை அவள் பக்கம் திருப்பி விரித்தார். முதல் பக்கத்தில், அழகான கையெழுத்தில், தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் எழுத இடம் விட்டிருந்தது.

எட்னாவின் பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.