எதிர்வரப்பில் ஒரு கை

எதிர்வரப்பில் யாரோ கையை ஆட்டினார்கள்.

ஆர்லிஸ் ப்ரூயிட் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய நெல்வயல், மதியம் ஆகியும் அதன் மேலிருந்து எழுந்து போக மனமில்லாத மூடுபனி, பனிக்குள் மோட்டார் இறக்கைகளை விர்ரென்று சுழற்றிக்கொண்டு வராத விருந்தாளிகளை அழைத்துக்கொண்டிருந்த அவருடைய பொம்மை வாத்துகள். இவற்றுக்கெல்லாம் அப்பால், நண்பர் டெல்பர்ட் வேட்டைக்கு ஒளிந்து உட்காரும் பழைய வைக்கோல் மறைப்பு. போன வேட்டை சீசனுக்குப் பிறகு அங்கே ஒருவரும் உட்காரவில்லை.

அதற்குக் காரணம் ஆர்லிஸ்தான். 'ராயல் மல்லார்ட் வேட்டைச் சங்கம்' என்று பித்தளைப் பலகை தொங்கிய அந்த அமைப்பு ஒரு தகரக் கொட்டகையும் சில கிழவர்களும்தான். ஆனாலும் அதற்கு ஒரு தலைவர் இருந்தார், ஆர்லிஸ். தலைவருக்கு மேசையைத் தட்ட ஒரு சுத்தியல் இருந்தது. டெல்பர்ட் தன் மர வாத்துகளைக் கயிற்றில் கோர்த்துக் கையால் இழுத்து ஆட்டுவார். நிஜ வாத்துகளுக்கு ரசனை போதாது. அவர் பக்கம்தான் இறங்கின. கயிறு சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார்.

"ஏன் தலைவரே, வாத்து வந்து உங்ககிட்ட புகார் குடுத்துச்சா?" என்றார் டெல்பர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். சுத்தியல் இறங்கியது. டெல்பர்ட் வெளியே நடந்தார். சிரித்தவர்கள் பின்னாலேயே போனார்கள். அதிலிருந்து ஆர்லிஸ் தனியாகக் கூட்டம் கூட்டி, கோரத்துக்கு ஆள் போதவில்லையென்று தனியாக ஒத்திவைத்து, வீட்டுக்குப் போய் டின் சூப்பைச் சூடாக்கிக் குடிக்கிறார். வீட்டிலும் கோரம் கிடையாது.

நேற்று ராத்திரி டெல்பர்ட்டின் போனில் செய்தி விட்டிருந்தார். "வாடா" என்று சொல்லத்தான் நினைத்தார். வாயைத் திறந்ததும் "தலைவர் என்ற முறையில், சீசனின் கடைசி நாளான நாளை" என்று ஆரம்பித்துவிட்டது.

இருந்தும் வந்திருக்கிறான்.

பழுப்புக் கோட்டு. காதை மூடும் தொப்பி. பக்கத்தில் அவனுடைய கறுப்பு நாய் பிஸ்கட், வால் ஆடிக்கொண்டிருந்தது. வரப்போர மண்சாலையில் வண்டி எதுவும் நிற்கவில்லை என்பதை ஆர்லிஸ் கவனிக்கத்தான் செய்தார். ஆனால் நாய் இருந்ததே. டெல்பர்ட் இல்லாமல் பிஸ்கட் எங்கே போகும்?

துப்பாக்கியை அங்கேயே சாய்த்துவிட்டு, மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினார். கெஞ்சப் போகிறவன் மாதிரித் தெரியக்கூடாது என்று முதலில் நிதானமாக நடந்தார். பிறகு அதை மறந்துபோனார். அழுகிய தாளடியின் வாசனை ஒவ்வோர் அடிக்கும் குமிழியாகக் கிளம்பியது, சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் விட்டது, முதுகுக்குப் பின்னால் மோட்டார்களின் சத்தம் மெல்ல மெல்லப் பனிக்குள் அமுங்கியது. பொம்மைகளின் ஓரத்தில், அவரே நட்டு வைத்த பிளாஸ்டிக் கொக்கு ஒன்று நின்றது. உஷாரான பறவை பயமில்லாமல் நிற்பதைப் பார்த்தால் வாத்துகளுக்கு நம்பிக்கை வரும். அதைக் கடக்கும்போது ஏனோ ஒரு கணம் கால் தயங்கியது.

"டெல்பர்ட்!"

பதில் இல்லை. கை மேலே போனது. நின்றது. கீழே வந்தது.

கோபம் இன்னும் தீரவில்லை போல. இருக்கட்டும். கையையாவது ஆட்டுகிறான்.

"டேய், நான்தான் தப்பு! போதுமா? சுத்தியல உங்கிட்டயே குடுத்துடறேன், வச்சிக்க!"

மேலே. நின்றது. கீழே.

பிஸ்கட் குரைக்கவில்லை. பழகிய ஆளைக் கண்டால் தண்ணீரில் பாய்ந்து வந்து மேலே விழுகிற நாய். வால் மட்டும் ஆடியது. இடம். வலம். கையின் அதே தாளத்தில்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"என்ன தலைவரே, எங்கடா இருக்க?" டெல்பர்ட்டின் குரல். பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது. "உன் மெசேஜ இப்பத்தான் கேட்டேன். தலைவர் என்ற முறையிலாம்! சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாப்போச்சு. வர்றேன்டா. பயலுகளும் வர்றானுங்க. பிஸ்கட்டு, சும்மா இரு! காப்பிய நீயே குடிச்சுத் தீத்துடாத."

ஒரு வருஷமாக ஆர்லிஸ் கேட்க ஏங்கிய குரல்.  

"நீ... எங்க?"

"பெட்ரோல் பங்குல. ஏன், ஒரு மாதிரி பேசற? யாராச்சும் கூட இருக்காங்களா?"

கை மேலே போனது.

நின்றது.

கீழே வரவில்லை.

வாலும் நின்றுவிட்டது.

அது ஏன் என்று ஆர்லிஸுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வாத்து இறக்கையை மடக்கிக் காலைத் தொங்கவிட்டு இறங்கும்போது மோட்டாரை அணைத்துவிட வேண்டும். கிட்டே வந்துவிட்டால் பொம்மையென்று கண்டுகொள்ளும். அதற்குமேல் ஆட்டத் தேவையும் இல்லை.

குண்டு எட்டும் தூரம் வந்தாயிற்று.

தொப்பிக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈர வைக்கோல். தூக்கிய கையின் மணிக்கட்டில் ஒரு கயிறு. அது பின்னால் போய் மறைப்புக்குள் நுழைந்தது. விறைப்பாக. உள்ளிருந்து பிடித்திருக்கும் விறைப்பு.

"ஆர்லிஸ்? டேய்? பேசுடா!"

காற்று இல்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மறைப்பின் வைக்கோல், ஆள் உயரத்துக்கு வெகு மேலே, இரண்டு பக்கமாக மெல்ல விலகியது.