சத்தம் நன்றாக இருந்தது

நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் நின்று ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. போகியன்று மூன்று மணிக்குக் கம்பெனிகளைப் பூட்டினார்கள். இன்று மாட்டுப் பொங்கல், மாலை ஆறு. இரவும் பகலும் சுவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த இரைச்சல் இல்லாமல் அனுசுயாவுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. அவள் குடியிருந்த லைன் வீட்டின் ஆறு கதவுகளில் ஐந்தில் பூட்டுத் தொங்கியது. எல்லோரும் கமுதி, அருப்புக்கோட்டை என்று பஸ் ஏறிவிட்டார்கள். ஊரில் தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், வங்கித் தேர்வைச் சாக்குச் சொல்லி அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

மதியம் அம்மா சீனியம்மாள் போனில் கேட்டாள். "வாசக் கேட்டப் பூட்டிட்டியாடி?"

"பூட்டிட்டேன்மா."

"உள்ளயும் தாப்பாளப் போட்டுக்க. ஒத்தையில கெடக்க. நாங்க ஞாயித்துக்கெழமதான் வருவோம்."

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு, சுவரோரம் இருந்த மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

யுவன் கொடுத்த கம்ப்யூட்டர் விளையாட்டு அதில் இருந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பையன், திருமுருகன்பூண்டிக்காரன். எட்டு மாதமாக ராத்திரிகளில் உட்கார்ந்து, தானே கதை எழுதித் தானே படம் வரைந்து செய்திருந்தான். விடிந்தால் போட்டிக்கு அனுப்ப வேண்டும். "எங்க மாமன் பையன்கிட்டக் குடுத்தேனுங்க்கா. நல்லா இருக்குன்னு சொல்லிப்போட்டு அப்பிடியே தூங்கிட்டானுங்க. நீங்க செக்கிங்ல பீஸப் பாக்கறாப்பல பாத்துச் சொல்லுங்க" என்றான். இயற்பியல் படித்துவிட்டுப் பனியனில் ஓட்டை தேடும் அவளிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் என்று ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு குறையும் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள்.

பூட்டிய கம்பெனி ஒன்றில், ஷிப்ட் முடிந்தும் வீடு திரும்பாத அம்மாவைத் தேடி ஒரு பெண் நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த நீண்ட கூடத்தில், வரிசையாகத் துணி போர்த்திய மிஷின்களுக்கு நடுவில், அணையப் போகும் ட்யூப்லைட்டின் கீழ் அவள் அடி வைக்க வைக்க, எங்கோ தூரத்தில் பிசிறு வெட்டும் கத்தரியின் சத்தம் கேட்டது. தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கும்போது வருமே, விரலுக்குள்ளேயே முடிந்துவிடும் ஒரு சத்தம். க்ளிச். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி க்ளிச். கூடத்தின் கோடியில், முதுகு காட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டும் ஓர் உருவம் தெரிந்தது. நெருங்க நெருங்கச் சத்தமும் நெருங்கியது. மிஷின் எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாடைகூட வந்தது. மூக்கே ஏமாந்துபோகிற அளவுக்குப் படம் போட்டிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

குறிப்பெழுத விளையாட்டை நிறுத்தினாள். திரையில் எல்லாம் உறைந்து நின்றது.

க்ளிச். க்ளிச்.

பிறகுதான் சத்தம் ஓய்ந்தது. இது குறை, சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு யுவன் போனில் கூப்பிட்டான். ஜன்னலில் இருட்டிவிட்டிருந்தது. விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. திரை வெளிச்சமே போதுமாக இருந்தது.

"ஏனுங்க்கா, விளையாண்டீங்களா? தூங்கிடலீங்களே?"

"தூங்கல தம்பி. கதை பிடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு ரொம்பப் பேசுறா. பயந்தவ அவ்வளவு பேச மாட்டா. பாதியைக் குறைச்சிரு."

"சரிங்க்கா."

"சாவி மேசை மேலயே கெடக்கு. தேட வை. அப்புறம், எந்தக் கம்பெனியிலடா எக்ஸ்போர்ட் பீஸைத் தரையில போடுறாங்க? சூப்பர்வைசர் கொன்னுருவாரு."

அவன் சிரித்தான். "மாத்திடறேனுங்க. கடைசியில அந்தம்மா மூஞ்சியக் காட்டட்டுங்களா?"

"காட்டாதே. முதுகே போதும். அதைவிட அந்தச் சத்தந்தான் தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்."

அவள் குறிப்பில் அடுத்த வரியைப் பார்த்தாள்.

"பிசிறு வெட்டுற சத்தம். முன்னாடி ரெண்டு சின்ன ஸ்பீக்கர்தானே இருக்கு? அதை வச்சுப் பின்னாடி இருந்து வர்ற மாதிரி எப்படிப் பண்ணினே? நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன், பிடிபடல."

"அக்கா..."

"ஒரே ஒரு குறை. நிறுத்தி வச்சாலும் சத்தம் நிக்க மாட்டேங்குது."

க்ளிச்.

"பாரு, இப்பக்கூட. நிறுத்தித்தான் வச்சிருக்கேன். உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க்கா." குரல் இறங்கியிருந்தது. "லேப்டாப்ப மூடிப்போடுங்க."

"இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கு தம்பி."

"மூடுங்க்கா. மொதல்ல மூடுங்க."

மூடினாள். அறை முழு இருட்டானது. எண்ணெய் வாடை. ஈரப் பஞ்சு வாடை. வாடை குறையவில்லை.

க்ளிச்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்பக்கம். அவளே போட்டது. இழுத்தும் பார்த்தது.

க்ளிச்.

கழுத்துக்குப் பின்னால். ஒரு சாண் தூரம். அதற்கும் குறைவு. திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

"இன்னும் கேக்குதுங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஊட்டுல இருந்து வெளிய வாங்க. அதுல நான்..." மூச்சு வாங்கினான். "அந்தக் கேம்ல நான் இன்னும் சத்தமே போடலீங்க்கா."

க்ளிச்.

தோளில் எடையே இல்லாத ஏதோ விழுந்தது. சரிந்து மடிக்கு வந்தது. நூல் என்று நினைத்தாள். போனின் வெளிச்சத்தைத் திருப்பினாள். கறுப்பு. நாலு விரல் நீளம். குனிந்தாள்.

நாற்காலியைச் சுற்றி, செக்கிங் மேசைக்குக் கீழே சாயங்காலத்தில் பிசிறு சேர்ந்து கிடப்பதுபோல, அவளுடைய முடி குவிந்து கிடந்தது.